லெட்யூஸ் அறுத்தவர்களுக்கு எவ்வளவு கிடைத்தது?

நான் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கிறேன். சலினாஸ் என்ற விவசாயப் பள்ளத்தாக்கு இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். 2020 வசந்த காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் தளதளவென்று நின்ற லெட்யூஸை, அதாவது சாலட்டில் போடும் கீரையை, அறுக்காமலே டிராக்டர் விட்டு உழுது மடக்கினார்கள். கொரோனாவால் உணவகங்களும் பள்ளிகளும் மூடிவிட்டன. அவற்றுக்கென்று பெரிய பெட்டிகளில் போகிற சரக்கை ஒரே வாரத்தில் கடைப் பாக்கெட்டாக மாற்ற முடியாது. விளைந்ததை மண்ணோடு மண்ணாக்குவது எந்த விவசாயிக்கும் வயிறு எரிகிற காரியம். அதனால், சலினாஸ் இருக்கும் மான்டரே கவுண்டியின் பண்ணைகளுக்கு அரசு பணம் கொடுத்ததே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அதை எப்படிக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

அந்த ஏப்ரலில் அமெரிக்க வேளாண் துறை 19 பில்லியன் டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதில் 16 பில்லியன் விவசாயிகளுக்கு நேரடிப் பணம். செப்டம்பரில் இரண்டாவது சுற்று, இன்னும் 14 பில்லியன் வரை. இந்தச் சுற்றில் காய்கறி, பழம் பயிரிடுகிறவர்களுக்கு 2019 விற்பனைதான் அளவுகோல். முதல் 50,000 டாலர் விற்பனைக்கு 10.6 சதவீதம். மேலே போகப்போகக் கொஞ்சம் குறைந்து, 10 லட்சத்துக்கு மேல் 8.8 சதவீதம். அதாவது 50,000 டாலருக்கு ஸ்ட்ராபெரி விற்ற குடும்பத்துக்குச் சுமார் 5,300 டாலர். 50 லட்சத்துக்கு விற்றவருக்குக் கணக்குப்படி நாலரை லட்சம் அளவுக்கு வரும். ஆனால் ஆளுக்கு 2,50,000 என்று உச்சவரம்பு. சரி, வரம்பு இருக்கிறதே என்று ஆறுதல் அடையலாமா? பண்ணை கம்பெனியாக இருந்து, மூன்று பங்குதாரர்கள் தலா 400 மணி நேரம் உழைப்போ நிர்வாகமோ தந்ததாகக் காட்டினால் வரம்பு 7,50,000 ஆகிவிடும். சந்தையில் ரொக்கத்துக்கு விற்று நோட்டில் கிறுக்கி வைத்திருக்கும் சின்ன விவசாயி, ஆதாரம் கேட்பார்களோ என்ற பயத்திலேயே விண்ணப்பிக்கத் தயங்குவார்.

இவ்வளவு கணக்கிலும் லெட்யூஸை அறுக்கிறவர் எங்கேயும் வரவில்லை. 2020 மார்ச்சிலேயே அவரை 'அத்தியாவசியத் தொழிலாளி' என்று மத்திய அரசு பட்டியலில் சேர்த்துவிட்டது. ஊரே வீட்டுக்குள் இருந்தபோது அவர் விடியற்காலையில் நெருக்கியடித்து வண்டியில் ஏறி வயலுக்குப் போனார். அந்த ஆண்டு சலினாஸ் பள்ளத்தாக்கில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில், பண்ணைத் தொழிலாளரிடையே தொற்று மற்றவர்களைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. அவர்களில் பெரும்பகுதியினரிடம் குடியேற்ற ஆவணம் கிடையாது. அதனால் அந்த ஆண்டு பெரும்பாலோருக்கு மத்திய அரசு அனுப்பிய 1,200 டாலர் நிவாரணக் காசோலை அவர்களுக்கு வரவில்லை. இன்னும் கொடுமை ஒன்று உண்டு. மனைவி அமெரிக்கக் குடிமகளாகவே இருந்தாலும், சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத கணவனோடு சேர்த்து வரி தாக்கல் செய்திருந்தால் அவளுக்கும் கிடையாது என்றார்கள். அதைத் திருத்த அந்த வருட டிசம்பர் வரை ஆனது.

கலிபோர்னியா மாநிலம் தன் பங்குக்கு, ஆவணம் இல்லாதவர்களுக்கு ஆளுக்கு 500 டாலர், ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 1,000 என்று கொடுத்தது. நல்ல காரியம்தான், ஆனால் அந்த நிதி சீக்கிரம் தீர்ந்துவிடும் அளவுதான்.

பண்ணை பிழைத்தால்தானே கூலி என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் உழுது மடக்கிய வயலில் அறுப்பு இல்லை, அறுப்பு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. முதலாளிக்குப் போன நிவாரணத்தில் ஒரு பங்கு அந்த நாட்களின் கூலியாகப் போக வேண்டும் என்று அந்த விதிகளில் ஒரு வரிகூட இல்லை. எழுத நினைத்திருந்தால் எழுதியிருக்கலாம். சிறு தொழில்களுக்கான கடன் திட்டத்தில், கடனை முழுதாகத் தள்ளுபடி செய்ய வேண்டுமானால் அதில் பெரும்பகுதியைச் சம்பளத்துக்குச் செலவிட்டிருக்க வேண்டும் என்று அதே ஆண்டு, அதே அரசுதான் எழுதியது.

பண்ணைத் தொழிலாளருக்கும் இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் என்று வேளாண் துறை ஒரு தொகையை அறிவித்தது 2021 செப்டம்பரில். தொண்டு நிறுவனங்கள் வழியாக அது பலர் கைக்கு வந்து சேர 2023 ஆகிவிட்டது. ஆளுக்கு 600 டாலர்.