யார் செய்த பாவம்?

என் அண்ணன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அப்போது ஜெபிக்க வந்தவர்களில் ஒருவர் கட்டிலருகே முழங்காலிட்டு, "மறைவான பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கையிட்டுவிடு தம்பி" என்றார். மதினி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். இன்னொருவர் வேதத்தில் ரோமர் 8:28-ஐ எடுத்து, "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று ஆரம்பித்தார். அண்ணன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த வசனத்தை நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் அதை எழுதிய பவுல் அடியும் சிறையும் பட்டவர். காலூன்றி நிற்கிற நாம், படுத்துக் கிடப்பவனிடம் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவது கொடுமை.

பிறவிக்குருடனைக் கண்டதும் சீஷர்கள் கேட்டதும் இதைத்தானே? யார் செய்த பாவம்? இவனுமல்ல, பெற்றவர்களுமல்ல, தேவனுடைய கிரியைகள் இவனிடத்தில் வெளிப்பட வேண்டும் என்றார் இயேசு. நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அவர் நிற்கவில்லை. தரையில் துப்பி, சேறுண்டாக்கி, அந்த மனிதனின் கண்களில் பூசினார்.

அண்ணனைச் சிகிச்சைக்காக வேலூர் பாகாயத்துக்குக் கொண்டுபோனபோதுதான் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி அறிந்தேன். கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு சுற்றுலா போன வண்டி கவிழ்ந்தது. அவருக்கும் முதுகுத்தண்டில்தான் அடி. அதன்பின் கால்கள் இயங்கவில்லை. தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் அங்கே வளர்த்துவந்த காலம் அது. கையில் செய்கிற அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி அதைக் கற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, ஊர் ஒதுக்கிவைத்த மனிதர்களின் கைகளைச் சீராக்கினார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு மையத்தில்தான், அரை நூற்றாண்டு கழித்து, என் அண்ணன் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறக் கற்றுக்கொண்டான்.

இதற்காகத்தான் ஆண்டவர் அந்த வண்டியைக் கவிழ்த்தார் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். சிலுவையில் தாமே தொங்கியவரை அப்படி என்னால் நினைக்க முடியாது. விழுந்த இடத்தில் அவர் நம்மோடு தரையில் உட்காருகிறார், அங்கிருந்தே வேலை தருகிறார் என்றுதான் நம்புகிறேன். அண்ணனுக்கு அந்த வேலை கிடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை அவன் வேதத்தைத் திறக்கவேயில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

இப்போது பனையிலிருந்தும் மாடியிலிருந்தும் விழுந்தவர்களின் வீடுகளிலிருந்து அவனுக்கு போன் வருகிறது. உணர்வில்லாத இடத்தில் படுக்கைப்புண் தெரியாமலே வரும், முதலில் தோல் சிவக்கும் என்று சொல்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்வான். சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று கூச்சமில்லாமல் விளக்குவான். நேற்றும் ஓர் இளைஞன் பேசினான். "எனக்கு ஏன் அண்ணா இப்படி?" என்று மறுமுனையில் அழுதான். அண்ணன் பதில் சொல்லவில்லை. போனைக் காதிலேயே வைத்திருந்தான். அழுகை அடங்க வெகு நேரம் ஆனது. பிறகு மெதுவாகக் கேட்டான்: "குதிகாலைப் பார்த்தாயா தம்பி? சிவந்திருக்கிறதா?"