ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஒரு காமெடி வேண்டும்

இசை படிக்கிற பிள்ளை இருக்கும் சிங்கப்பூர் வீட்டில் டூசெட் வயலின் பெயரைச் சொன்னால் யாராவது ஒருவராவது சிரிப்பார்கள். பிரிஸ்பனிலிருந்து வந்த பிரெட் யாங், எடி சென் என்ற இரண்டு வயலின்காரர்கள், மேற்கத்தியச் செவ்விசையை வைத்து நகைச்சுவை வீடியோ போடுகிறவர்கள், யூடியூபில் 40 லட்சத்துக்கும் மேல் சந்தாதாரர்கள். "ஒரு நாளைக்கு 40 மணி நேரம் சாதகம் பண்ணு" என்பது அவர்களுடைய நிரந்தர நக்கல். ஏபிஆர்எஸ்எம் என்ற மேற்கத்திய இசைக் கிரேடு தேர்வுக்கும் டியூஷனுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது நகைச்சுவையே இல்லை, வீட்டு நடப்பு.

இதைப் பற்றி நம் கர்நாடக இசை வட்டத்தில் பேச்செடுத்தால் உடனே ஒரு பெரியவர், "சங்கீதத்தைக் கேலிப்பொருள் ஆக்கக் கூடாது, தம்பி" என்று ஆரம்பித்துவிடுகிறார். ஐயா, நாமும்தான் கேலி செய்துகொண்டிருக்கிறோம், அதுவும் தப்பான இடத்தில்! கர்நாடக இசை பற்றி வரும் ரீல்ஸைக் கொஞ்சம் பாருங்கள். சபா கேன்டீன், பட்டுப்புடவை, மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிற கூட்டம், தாளம் தெரியாமல் தொடையில் தட்டும் மாமா. எல்லாம் கச்சேரிக்கு வந்த மனிதர்களைப் பற்றிய ஜோக். கச்சேரியே கேட்காத ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கச்சேரி என்றால் கேன்டீன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

டூசெட்டின் அந்த இரண்டு பேரும் சிரிப்பை இசைக்குள்ளேயே வைக்கிறார்கள். சினிமாவில் வயலின் வாசிப்பதுபோல நடிக்கும் நடிகர்களைப் போட்டுக் கிண்டல் செய்வார்கள். காதில் கேட்பது வேகமான வாசிப்பு, நடிகரின் வில்லோ சாவகாசமாகப் போய்வந்துகொண்டிருக்கும். இதற்குச் சிரிக்க வேண்டுமானால் வில்லையும் சத்தத்தையும் சேர்த்துக் கவனித்தாக வேண்டும், நாலு வீடியோ பார்த்த பிறகு அவர்கள் சொல்லும் முன்பே நாமே பிடித்துவிடுவோம். காசு கொடுத்து வகுப்புக்குப் போனாலும் இந்தக் காது சீக்கிரம் வராது. ஹிலரி ஹான் என்ற உலகப் புகழ் வயலின் கலைஞர், இவர்களோடு சேர்ந்து இடுப்பில் ஹூலா வளையத்தைச் சுற்றிக்கொண்டே வயலின் வாசித்தார். அதனால் அவர் வாசிக்கும் பாஹின் இசை ஒரு இம்மி குறைந்துவிட்டதா என்ன?

நம்மிடம் சரக்கு இல்லையா? ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோகணம், அவரோகணம், அதாவது ஸ்வரங்கள் ஏறி இறங்கும் வரிசை, இரண்டுக்கும் ஒன்றேதான். ஆனால் ஆரபி விறுவிறு என்று நடக்கும், தேவகாந்தாரி ஒவ்வொரு ஸ்வரத்தையும் இழுத்து, அசைத்து, மெதுவாகத்தான் வரும். ஒரே முகம், இரண்டு குணம். இரட்டைப் பிள்ளை ஆள்மாறாட்டக் கதையை வைத்தே எத்தனை தமிழ்ப் படம் ஓடியிருக்கிறது! ஒரு பாடகி ஒரு நிமிடம் இரண்டாகவும் நடித்துப் பாடினால் போதும், பார்த்தவர் அந்த வித்தியாசத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டார். முடிவில் வாசிக்கும் தாளக் கோர்வை மூன்று முறை வரும் என்று தெரியாமல் இரண்டாவது முறையே கைதட்டிவிட்டு அசடு வழிகிற இடமும் இருக்கிறது. கெட்டிமேளம் இருக்கிறது. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் கல்யாணம் பார்த்த எல்லாருக்கும் அந்த நொடி தெரியும். வாசித்துக்கொண்டே தவில்காரர் தாலி கட்டும் சைகைக்காக யாருடைய விரல் உயர்கிறது என்று தேடும் அந்தப் பார்வைக்கே தனியாக ஒரு சேனல் நடத்தலாம்.

சிரிப்பு நமக்குப் புதிதும் இல்லை. பழைய பாடலாசிரியர் பாபவிநாச முதலியார் காம்போதி ராகத்தில் சிதம்பரம் நடராஜரையே "நடமாடித் திரிந்த உமக்கு இடதுகால் உதவாமல் முடமானதேன்" என்று கேட்டார். ஆடித் திரிந்தவருக்குக் கால் ஏன் இப்படி முடமாய்ப் போச்சு என்று சாமியிடம் கேட்கிற பாட்டு, இன்றும் கச்சேரிகளில் பயபக்தியோடு பாடுகிறோம்! இதுதான் நிந்தாஸ்துதி, திட்டுவதுபோலப் புகழ்வது. பாட்டோடு புராணக் கதை சொன்ன கதாகாலட்சேபக்காரர்களும் கூட்டத்தைச் சிரிக்கவைத்துத்தான் உட்காரவைத்தார்கள். சாமியைக் கிண்டல் செய்யலாமாம், சாமவேதம் தெரிந்த வித்வானைச் செய்யக் கூடாதாம்.

இங்கே ஆள் பலம் இருக்கிறது. சிஃபாஸ் என்ற சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இலிருந்து நடக்கிறது, எஸ்பிளனேட் கலை அரங்கில் ஒவ்வோர் ஆண்டும் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா வருகிறது. வீணையும் மிருதங்கமும் படிக்கிற நம் பிள்ளைகள் சீனப் பாட்டி மாதிரியும் பேசுவார்கள், சென்னை மாமா மாதிரியும் பேசுவார்கள், தமிழில் ஆரம்பித்து சிங்லிஷில் முடிப்பார்கள். தெலுங்குக் கீர்த்தனையின் அர்த்தம் புரியாத பிள்ளைக்கும் அந்தப் பேச்சு புரியும்.

அதற்காக எல்லாக் கலைஞர்களும் ரீல்ஸ் போட்டே தீர வேண்டும் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஒரு நிமிட வீடியோவுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடும், நகைச்சுவை வராதவர் செய்தால் நமக்குத்தான் தர்மசங்கடம். வருகிறவர் செய்யட்டும், குருமார்கள் முறைக்காமல் இருந்தால் போதும். "பார்த்துச் சிரித்தவர்கள் டிக்கெட் வாங்குவார்களா" என்று கேட்கும் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு தகவல்: டூசெட் ஜோடி 2017இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் ரசிகர்களிடமே பணம் திரட்டி உலகம் சுற்றி மேடையில் வாசித்தது. வாங்காமல் சும்மா சிரித்துவிட்டுப் போனாலும் எனக்குச் சரிதான். ஆரபி காதில் விழும்போது சிரித்தவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார் இல்லையா?

அந்த ஆரபி - தேவகாந்தாரி வீடியோவை யாராவது ஏற்கெனவே எடுத்திருந்தால் கீழே போடுங்கள். எடுக்காதவர்கள் ஐடியாவைத் தாராளமாகத் திருடிக்கொள்ளலாம்.