பெயரை மறைத்தால் அது பொய்யா?

ஃபேஸ்புக் குழுவில் ஒரு பெண் பெயரை மறைத்துப் போட்ட பதிவை, அவர் யார் என்று தெரியும்படி அந்தக் குழுவின் அட்மினே நேற்று ஸ்கிரீன்ஷாட்டாக வெளியிட்டதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். அதன் கீழே கமெண்டில் வரிசையாக 'இதுதான் இவளோட உண்மை முகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லைங்க. பகலில் குடும்ப வாட்ஸப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து போடுகிறவரும் அவர்தான். ராத்திரி 1 மணிக்கு 'இந்தக் கல்யாணத்தில் மூச்சு முட்டுது' என்று எழுதியவரும் அவர்தான். இதில் ஒன்று நிஜம், இன்னொன்று நடிப்பு என்று பிரிக்க நாம் யார்?

ஃபேஸ்புக் குழுவில் 'அனானிமஸ்' என்று போட்டால் சக உறுப்பினர்களுக்குத்தான் பெயர் தெரியாது. அட்மினுக்கும் மாடரேட்டருக்கும் தெரியும். அவர்கள் காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது.

முகம் தெரியாத இடத்தில் வாய் ஏன் திறந்துகொள்கிறது என்று ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-இல் எழுதினார். பெயர் தெரியாது, ஆளைப் பார்க்க முடியாது, பதில் உடனே வராது என்பது போல ஆறு காரணங்கள் சொன்னார். உள்ளே ஒளிந்திருந்த 'நிஜ ஆள்' வெளியே வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். இடம் மாறும்போது அதே ஆளின் வேறொரு பக்கம் மேலே வருகிறது, அவ்வளவுதான்.

'அப்போ ஃபேக் ஐடியில் வந்து ஆபாசமாகப் பேசுகிறவனுக்கும் இதே நியாயமா?' என்பீர்கள். அவன் செய்வது தப்பு. பேசிய பேச்சுக்காகத் தப்பு, பெயரை மறைத்ததற்காக இல்லை. இஸ்ரேலில் 142 பேரை ஜோடி ஜோடியாகச் சாட்டில் வாதாடவிட்டுப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. பெயர் தெரியாததைவிட, எதிராளியின் கண்ணைப் பார்க்க முடியாததுதான் வசவை அதிகம் கிளப்பியது. வசவைக் குறைக்க என்று தென்கொரியா 2007-இல் பெரிய தளங்களில் அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. 2011-இல் அங்கே சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. 2012 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றமே அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நேற்று அவரை அசிங்கமாகத் திட்டியவர்கள் ஃபேக் ஐடியா? சொந்தப் பெயர், மடியில் குழந்தையோடு டிபி! அவர்களிடம் யாரும் 'உண்மை முகம்' பற்றிப் பேசவில்லை. வலிக்குதுன்னு சொன்னவரிடம் மட்டும் கேட்கிறீர்கள்.

எழுத நினைக்கும் பெண்களே, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் போடுவதற்கு முன் அட்மின்கள் யார் என்று பாருங்கள். ஊர், வேலை, பிள்ளைகளின் வயது மூன்றையும் ஒரே பதிவில் எழுதாதீர்கள். சொந்தக்காரர்கள் ஆளைக் கண்டுபிடிக்க அது போதும்.

அட்மின், அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுங்கள்.