ஆளில்லாத புல்ஃபிராக் கவுண்டி இப்போதும் இருக்கிறதா?

"அமெரிக்காவில் ஒருவர்கூட வசிக்காத கவுண்டி ஒன்று இன்றும் இருக்கிறது, பெயர் புல்ஃபிராக்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி.) பாதிதான் சரி. அப்படி ஒன்று இருந்தது உண்மை. ஆனால் 1989-லேயே கலைத்துவிட்டார்கள்.

நெவாடா மாநிலத்தின் யக்கா மலையில் அணுக்கழிவைப் புதைக்க மத்திய அரசு இடம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. திட்டம் வந்தால் வரிக்கு ஈடான பெருந்தொகை அந்த இடம் இருந்த நை கவுண்டிக்குப் போகும். அதை மாநிலமே எடுத்துக்கொள்ள, 1987-ல் மலையைச் சுற்றி 144 சதுர மைல் நிலத்தை வெட்டி இந்தப் புதுக் கவுண்டியை உருவாக்கினார்கள். மக்கள்தொகை பூஜ்யம். தலைநகரோ கவுண்டிக்குள்ளேயே இல்லை, வெகுதூரத்தில் இருந்த கார்சன் சிட்டி! வாக்காளரே இல்லாததால் நிர்வாகிகளை ஆளுநர் நியமிப்பது என்று ஏற்பாடு. கில்லாடித்தனம்தான்.

நை கவுண்டி சும்மா இருக்குமா? வழக்குப் போட்டது. அரசமைப்புக்கு முரண் என்று 1988-ல் தீர்ப்பு வந்தது. அப்புறம் சட்டமன்றமே சட்டத்தை ரத்து செய்ய, நிலம் பழையபடி நை கவுண்டியோடு சேர்ந்தது.

பழைய தகவலைப் பகிர்பவர்கள் ஆண்டையும் சேர்த்துப் போட்டால் புண்ணியம்.