மீனும் ஒரு மீனும்

அடுத்த மாதம் மாலத்தீவுக்கு ஆங்கில ஆசிரியையாகப் போகிற எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி நேற்றுத் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, காய்கறி கிடைக்குமா, தங்கும் வீடு எப்படி இருக்கும், சம்பளத்தை ஊருக்கு எப்படி அனுப்புவது" என்று அரை மணி நேரம் கேட்டாள். நான்கு ஆண்டுகள் அங்கே ஒரு சிறு தீவில் பாடம் நடத்தியவள் நான். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் வீட்டில் என்ன மொழி பேசுவார்கள் என்று மட்டும் அவள் கேட்கவே இல்லை. குறையாகச் சொல்லவில்லை. கப்பலேறும்போது நானும் கேட்காதவள்தான். அதனால் வீணாய்ப் போன மாதங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மாலத்தீவில் 1960களின் தொடக்கத்திலேயே ஆங்கிலவழிக் கல்வி வந்துவிட்டது. அந்நாட்டுப் பிள்ளைகளின் தாய்மொழியான திவெஹிப் பாடமும் இஸ்லாமும் தவிர மற்றவையெல்லாம் ஆங்கிலத்தில்தான். பாடம் நடத்த இலங்கையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆசிரியர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஞாயிறு தொடங்கி வியாழன் வரை பள்ளி.

முதல் வாரம் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் நோட்டுப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்து எழுதத் தொடங்கினான். நான் திருப்பி வைத்தேன். மறுபடி அப்படியே திறந்தான், மறுபடி திருப்பினேன். மூன்றாம் முறை அவன் நோட்டை மூடிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். அவன் மொழியின் எழுத்தான தானா வலமிருந்து இடமாக ஓடுவது. அவனுக்குப் புத்தகம் தொடங்குகிற இடமே அதுதான். இது எனக்குத் தெரிய இன்னும் பல நாட்கள் ஆயின. அந்தக் கைகள் இன்றும் என் கண்ணிலேயே நிற்கின்றன.

வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்பது மேற்பார்வையாளரின் உத்தரவு. ஒரு பருவம் முழுக்க நான் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினேன். வகுப்பு அமைதியாக இருந்தது. நல்ல கட்டுப்பாடு என்று பாராட்டும் கிடைத்தது. பேசத் தெரியாத மொழியில் பேசு என்றால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்?

எனக்குத் தானா சொல்லிக்கொடுத்தது ஐந்தாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு சிறுமி. வகுப்பில் வாயே திறக்காதவள், இடைவேளையில் என் ஆசிரியையாக மாறிவிடுவாள். சுவரில் தொங்கிய வரைபடத்தின் முன்னால் என்னை நிறுத்தி, வடக்கிலிருந்து தெற்காக விரலை இறக்கிக்கொண்டே வந்தாள்: ஹா, ஷவியனி, நூனு, ரா, பா... அங்கே தீவுக்கூட்டங்களின் நிர்வாகப் பெயர்கள் எழுத்து வரிசையிலேயே அமைந்தவை. நாட்டைச் சொன்னால் அரிச்சுவடியில் பெரும்பகுதியையும் சொன்னதாகிவிடும்! மொத்தம் 24 எழுத்துகள். உயிர்க்குறிகள் மேலும் கீழும் வரும். மூன்று வாரத்தில் தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டினேன்.

அதன் பிறகுதான் என் பிள்ளைகளின் பிழைகள் எனக்குப் புரியத் தொடங்கின. 'அஹரென் ஸ்கூலஹ் தனீ' என்றால் நான் பள்ளிக்குப் போகிறேன். நம் வரிசைதான், வினைச்சொல் கடைசியில். அவர்கள் ஆங்கிலத்தில் வினையைக் கடைசிக்குத் தள்ளியபோதெல்லாம் சிவப்பு மையால் அடித்தவள் நான். பள்ளி நாட்களில் என் நோட்டிலும் அதே இடத்தில்தான் அடி விழுந்தது.

இன்னொன்று. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ' (a), 'தி' (the) இரண்டையும் எங்கே போடுவது என்பதில் நாம் ஆயுள் முழுக்கத் தடுமாறுகிறோம். எழுதும்போது எனக்கே இன்றும் ஒரு கணம் கை நிற்கும். ஆனால் திவெஹியில் மஸ் என்றால் மீன். மஹெஹ் என்றால் ஏதோ ஒரு மீன். அந்த வேறுபாடு சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் கரும்பலகையில் இரண்டையும் தானாவில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தையும் எழுதினேன். வகுப்பே சத்தம் போட்டது. மாதக்கணக்கில் விதிகளை ஒப்பிக்கவைத்தும் ஏறாதது இரண்டு நிமிடத்தில் ஏறியது.

அந்த வாரம் பாடநூலில் இருந்த கட்டுரைத் தலைப்பை விட்டுவிட்டு, அப்பாவின் வேலை பற்றி எழுதச் சொன்னேன். கடைசி வரிசைச் சிறுமி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். தோணியிலிருந்து உயிருள்ள சிறு மீன்களை இரையாக வீசுவதையும், கடல்மேல் தண்ணீரைப் பீய்ச்சிச் சூரைக்கூட்டத்தை மயக்குவதையும், தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கி எறிவதையும் எழுதியிருந்தாள். மீன் தானாகக் கழன்று விழ வேண்டும் என்பதற்காகத் தூண்டில் முள்ளில் பின்னோக்கிய கூர் இருக்காது. அதற்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் 'பல் இல்லாத தூண்டில்' என்று எழுதினாள். நான் திருத்தவில்லை. தூத்துக்குடிக் கடைகளில் நாம் மாசி என்று வாங்குகிற கருவாட்டின் பெயரிலேயே அந்த மஸ் இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தில்தான் கற்பிக்க வேண்டும், தாய்மொழி நுழைந்தால் பிள்ளைக்குச் சோம்பல் வந்துவிடும் என்பார்கள். பாடவேளையில் பெரும்பகுதி நானும் ஆங்கிலத்தில்தான் பேசினேன். திவெஹி இரண்டு மூன்று நிமிடம் வந்தால் அதிகம். அந்த இரண்டு நிமிடத்தைத் தடுப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று இதுவரை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

ஊர் திரும்பிய பிறகு இதைவிட வருத்தமானதைப் பார்த்தேன். இங்கே ஆசிரியருக்கும் தமிழ், பிள்ளைக்கும் தமிழ். அப்படியிருந்தும் தமிழில் பேசினால் அபராதம் வாங்குகிற, பேசிய பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதுகிற பள்ளிகளை நேரில் கண்டிருக்கிறேன். நான் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் காலடியில் உட்கார்ந்து மாதக்கணக்கில் தேடிப் பெற்றது இவர்கள் கையில் பிறப்பிலேயே இருக்கிறது. அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இன்று காலை மறுபடி அழைத்தேன். பெட்டியில் இடமிருந்தால் புளியும் மிளகாய்த்தூளும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, தானா எழுத்துகளை ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். "எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் அக்கா?" என்று பதில் வந்திருக்கிறது.