கடைசி அத்தியாயங்களை வெட்டிய படம்

‘தி கோல்டன் காம்பஸ்’ (2007) படத்தை மறுபடியும் பார்த்தேன். பிலிப் புல்மன் 1995-இல் எழுதிய ‘நார்தன் லைட்ஸ்’ நாவலின் திரைவடிவம். மோசமான படம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு முக்கால்வாசி நல்ல படமாகவே தெரிகிறது. கோபம் அதனாலேயே கூடுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை உலகத்தில் ஒவ்வொருவரின் ஆன்மாவும் டீமன் என்ற விலங்காக உடலுக்கு வெளியே கூடவே திரியும். குழந்தைகளின் டீமன் நினைத்த நேரத்தில் உருவம் மாறும். வளர்ந்ததும் ஒரே உருவத்தில் நின்றுவிடும். இதைத் திரையில் நம்பவைத்த குழுவுக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயம். திருமதி கூல்டராக நிக்கோல் கிட்மேன் சிரித்துக்கொண்டே மிரட்டுகிறார். (நாவலில் கூல்டருக்குக் கருங்கூந்தல், படத்தில் பொன்னிறம். சரி, கிட்மேனுக்காக விட்டுவிடலாம்.)

இனி, புத்தகம் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கதையைச் சொல்லப்போகிறேன்.

நாவலில் டோனி என்றொரு பையன் வருகிறான். அவனுடைய டீமனை வெட்டிப் பிரித்துவிட்டார்கள். கதையின் நாயகியான சிறுமி லைரா அவனைக் கண்டுபிடிக்கும்போது, காய்ந்த மீன் ஒன்றை டீமன் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கிறான். இரவுக்குள் செத்துப்போகிறான். பெரியவர் ஒருவர் அந்த மீனை நாய்களுக்குப் போட்டுவிட, லைரா கொதித்துப்போகிறாள். பிறகு ஒரு பொற்காசில் அவன் டீமனின் பெயரைக் கீறி அவன் வாயில் வைக்கிறாள். படத்தில் டோனி இல்லை. அந்த இடத்தில் பில்லி கோஸ்டா என்ற இன்னொரு பையன். மீனும் இல்லை, சாவும் இல்லை. அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறான்.

முடிவுக்கும் இதே கதிதான். தந்தை ஆஸ்ரியலுக்கு உண்மைகாட்டும் கருவியைக் கொண்டுபோகிறோம் என்று நம்பித்தான் லைரா வடக்கே போகிறாள். அவளைக் கண்டதும் அவர் நடுங்கிப்போகிறார். பின்னால் நிற்கும் அவள் நண்பன் ரோஜரைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உயிர் வருகிறது. அவருடைய பரிசோதனைக்கு வேண்டியது ஒரு குழந்தை. அதைத் தன் கையாலேயே கூட்டிவந்திருக்கிறாள் லைரா. ரோஜர் அதில் செத்துப்போகிறான். இந்த ஒரு இடத்துக்காகத்தான் மொத்த நாவலும் நடந்து வருகிறது. படமோ, பலூனில் ரோஜரும் லைராவும் நம்பிக்கையோடு பறப்பதோடு முடிந்துவிடுகிறது.

இயக்குநர் கிறிஸ் வெய்ட்ஸ் நாவலின் முடிவைப் படமாக்காமல் இல்லை. எடுத்து வைத்ததைக் கடைசியில் வெட்டினார்கள், அடுத்த பாகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஏறக்குறைய 18 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் 7 கோடிதான் வசூலித்தது. அடுத்த பாகம் வரவே இல்லை. அங்கே ஒரு கத்தோலிக்க அமைப்பு படத்தைப் புறக்கணிக்கச் சொன்னதும் உண்மை. அதற்குப் பயந்து, நாவலில் இருந்த திருச்சபை மீதான விமர்சனத்தை மழுப்பியதையாவது புரிந்துகொள்ள முடிகிறது. ரோஜரின் சாவை மறைத்தது யாருக்குப் பயந்து? அதைப் படித்த பிள்ளைகள்தானே நாவலின் அடுத்த இரண்டு பாகங்களையும் தேடிப் போனார்கள்?

2019-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் இதைத் தயங்காமல் காட்டியது. அதில் பில்லியும் சாகிறான், முதல் பருவம் ரோஜரோடுதான் முடிகிறது. டீமன்கள்தான் அதில் குறைச்சல். கூட்டக் காட்சிகளில் பலருக்கு ஆன்மாவே கண்ணில் படாது. ஆனாலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க எது என்று கேட்டால், தொடரைத்தான் சொல்வேன்.