வயிற்றுப்போக்குக்குப் பூண்டா? குட்டி நாய்க்குக் கொடுக்காதீர்கள்

"பூச்சி மருந்து கொடுத்தும் குட்டிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லையா? பூண்டை நசுக்கித் தயிரில் கலந்து கொடுங்கள், மிச்சப் பூச்சியும் செத்துவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட. பூண்டு, வெங்காயம் இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையை உண்டாக்கும். குட்டியின் எடைக்குக் கொஞ்சம் பூண்டே அதிகம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மெர்க் கால்நடை மருத்துவக் கையேட்டில் சரிபார்க்கலாம்.

சரி, ஏன் நிற்கவில்லை? ஜியார்டியாவாக இருக்கலாம். அது புழு இல்லை, ஒற்றைச் செல் உயிரி. பைரான்டெல் போன்ற வழக்கமான பூச்சி மருந்துக்கு அசையாது. சரியான மருந்து கொடுத்தாலும், பின்பக்க ரோமத்தில் ஒட்டியிருக்கும் சிஸ்ட்டுகளை (மலத்தோடு வெளியேறும் ஜியார்டியாவின் ஓடு மூடிய வடிவம்) குட்டி நக்கினால் மறுபடி தொற்றும். மருத்துவர்கள் குட்டியைக் குளிப்பாட்டச் சொல்வது அதற்குத்தான். தொற்று போன பிறகும் குடல் ஆறச் சில நாள் பிடிக்கும். அதுவரை உப்பு, மசாலா சேர்க்காத குழைந்த சோறும் எலும்பில்லாத வேகவைத்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாக. பால் வேண்டாம்.

புதிய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துப்போய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ரத்தம், வாந்தி, சோர்வு என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், உயிருக்கே ஆபத்தான பார்வோ வைரஸ் தொற்றாகவும் இருக்கலாம். அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.